யாருடைய மூச்சு?

எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குத் தியானம் கற்றுத்தர வந்தார் 'தியானச் செம்மல்' சிவஞானமூர்த்தி. அரைமணி நேரம் கத்தியும் முப்பது வாண்டுகளில் ஒன்றுகூட அடங்கவில்லை.

"எல்லாம் இந்த ஆயா குடுக்கிற செல்லம்! அஞ்சு நிமிஷம் இதுங்க அசையாம மூச்சைக் கவனிக்கணும். இல்லேன்னா இவளை வேலையைவிட்டு அனுப்புங்க" என்று தாளாளரிடம் எகிறினார்.

"சரிங்கய்யா. நீங்க முன்னாடி கண்ணை மூடி உட்காருங்க" என்றாள் ஆயா செங்கமலம். பிள்ளைகளிடம், "சார் தொப்பையையே பாருங்க" என்று கிசுகிசுத்தாள்.

தொப்பை ஏறியது, இறங்கியது. பிள்ளைகள் இமைக்கவில்லை. ஆறாவது நிமிடம் செம்மலிடமிருந்து குறட்டை கிளம்பியது. தாளாளர் தட்டி எழுப்பினார்.

எல்லாக் கண்களும் தன் தொப்பைமேல் இருப்பதைக் கண்டு, "என்ன கூத்து இது?" என்று பாய்ந்தார் செம்மல்.

"மூச்சைக் கவனிக்கச் சொன்னீங்க, கவனிச்சாங்க. யாரு மூச்சுன்னு சொல்லலையேங்கய்யா!"

முன்வரிசை வாண்டு சிணுங்கியது: "ஆயா, சாரை மறுபடி தூங்கச் சொல்லு!"