வெள்ளச்சியின் கண் வலி

தாமரைக் குளத்தின் வடகரையில் வெள்ளச்சி என்றொரு கொக்கு இருந்தது. பக்கத்துப் பாறையில் நெட்டையன் என்ற நாரை. விடிந்ததும் இரண்டும் மீனுக்கு வந்து நின்றுவிடும்.

ஒரு வாரமாக வெள்ளச்சிக்கு வலது கண்ணுக்குப் பின்னால் விண் விண்ணென்று வலி. மீனைக் கொத்தப் பாய்ந்தால் சுண்டி இழுக்கும், குறி தப்பும். கூட்டில் மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. கடைக்குட்டிக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. பெற்றவள் மனசு பதறாதா?

தவளை சொன்னதென்று தாமரை இலையைக் கண்ணில் ஒற்றிப் பார்த்தது. அணில் சொன்னதென்று நொச்சித் தழையில் தலையைத் தேய்த்தது. ஒன்றுக்கும் கேட்கவில்லை. கடைசியில் மரங்கொத்தியிடம் போனது.

"கண்ணு போச்சுண்ணே. பிள்ளைங்க பட்டினி கிடக்குதுங்க."

மரங்கொத்தி கண்ணைப் பார்க்கவே இல்லை. கழுத்தை அடியிலிருந்து மெல்லத் தட்டிக்கொண்டே வந்தது. வலது பக்கம் ஓரிடத்தில் புளியங்கொட்டை மாதிரி ஒரு முடிச்சு. அதை அலகால் அழுத்தியது.

"ஐயோ, கண்ணு!" என்று துள்ளியது வெள்ளச்சி.

"நான் அமுக்கினது கழுத்தை. மரத்தூள் கொட்டுற இடத்துலயா புழு இருக்கும்? தள்ளி மேலே எங்கேயாவது இருக்கும். தெனம் அதைத் தேடுறதுதானே என் பொழப்பு."

முடிச்சைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தது. வலி விட்டது. அன்று வெள்ளச்சி இரண்டு மீன் பிடித்தது. மறுநாள் சாயங்காலமே வலி திரும்பி வந்துவிட்டது.

"என்னண்ணே வைத்தியம் இது?" என்று சண்டைக்குப் போனது.

"முடிச்சை நான் அவிழ்த்தேன். தெனமும் அதைப் போடுறது யாரு? நாள் முழுக்க எதைப் பார்த்து நிக்கிறே?"

"தண்ணியைத்தான்."

"மரத்துலேருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன். கால்தான் தண்ணியில இருக்கு. கழுத்து வலது பக்கமே திரும்பி நெட்டையன் வாயைப் பார்த்துக்கிட்டு இருக்கு. ஒரே பக்கம் முறுக்கி வெச்சா சதை இறுகாம என்ன பண்ணும்?"

வெள்ளச்சிக்கு முகம் சுருங்கிப்போனது. உண்மைதான். நெட்டையனுக்கு என்ன கிடைத்தது, கெண்டையா விராலா என்று பார்க்காமல் ஒரு பொழுதும் போனதில்லை. பார்த்துப் பார்த்து வயிறெரிந்ததுதான் மிச்சம்.

மறுநாள் இடத்தை மாற்றியது. நெட்டையனுக்கு முதுகைக் காட்டி அல்லிக் கொடி ஓரமாக நின்றது. சற்று நேரத்தில் பின்னால் தொபுக்கென்று சத்தம். பெரிய மீனாகத்தான் இருக்கும். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. அந்நேரம் கூட்டிலிருந்து கடைக்குட்டியின் கீச்சுக்குரல் கேட்டது. கொக்குக்குப் பல் ஏது, அலகைக் கடித்துக்கொண்டு நின்றது வெள்ளச்சி. காலடியில் ஒரு கெண்டை நெளிந்தது. இம்முறை குறி தப்பவில்லை.

பத்து நாளில் முடிச்சு கரைந்தது, குஞ்சுகளும் தேறின. நெட்டையன் அன்று என்ன பிடித்தான் என்று சொல்லத் தவளை ஓடி வந்தது.

"எனக்கெதுக்குப்பா அது?" என்றது வெள்ளச்சி.

வலிக்கும் இடத்தையே தடவிக்கொண்டிராமல், வலியை வரவழைக்கும் பழக்கத்தைக் கண்டு கைவிடுபவருக்கே வலி தீரும்.