நொறுங்கிய சீம்பால்

கால்நடை மருத்துவர் பெரியநாயகம் கோபத்தில்தான் ஆராய்ச்சிக்கு வந்தார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது.

ஒரே மழைக்காலத்தில், ஒரே ஊரில், பத்தொன்பது கன்றுகள் வெள்ளைக் கழிச்சலில் செத்துப்போயின. அவர் போட்ட எந்த ஊசிக்கும் அந்தக் கிருமி மசியவில்லை. கடைசிக் கன்றைப் புதைத்துவிட்டு வந்த பெண், மண் ஒட்டிய கையோடு அவர் எதிரே நின்றாள்.

"ஊசி போட்டும் சாகும்னா நீ எதுக்குய்யா டாக்டர்?"

அவர் அந்தக் கிருமியையே ஓர் ஊசிக்குழலில் எடுத்து அடைத்துக்கொண்டு, பேராசிரியை மெஹருன்னிசாவின் ஆய்வகத்துக்கு வந்தார். பேராசிரியை அவரைவிடப் பதினொரு வயது இளையவர்.

"பாலுக்குள்ள இருந்துக்கிட்டு கிருமியோட சண்டை போடறது எது மேடம்?"

"நிறைய பேர் இருக்காங்க சார். முதல்ல ஒருத்தனைப் பிடிச்சிட்டு வாங்க."

பதினோரு மாதம் பிடித்தது. பண்ணை பண்ணையாக அலைந்து, அன்றன்று ஈன்ற மாடுகளின் சீம்பாலை வாங்கி வந்தார். கொழுப்பை நீக்கினார். திரிந்ததை வடித்தார். மிஞ்சியதிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தார். லாக்டோஃபெரின் என்று அதற்குப் பெயர். ஒரு சிறு புட்டியில் இளஞ்சிவப்பாக நின்றது.

அதைக் கிருமி வளரும் தட்டில் விட்டுப் பார்த்தார். கிருமிக்கு வேண்டிய இரும்புச்சத்தை அது பறித்துக்கொண்டது. கிருமி பட்டினியில் மெதுவாக வளர்ந்ததே தவிர, சாகவில்லை. மூன்று தடவை செய்தும் அதே கதைதான்.

"பட்டினி போட்டா பத்தாது. சாகணும்!" என்று மேசையைக் குத்தினார்.

பேராசிரியை எழுந்து வந்தார். புட்டியைத் திறந்தார். பாதியை ஒரு குவளையில் ஊற்றி, அதில் அமிலம் சொட்டினார். வயிற்றில் புரதத்தை வெட்டிச் செரிக்க வைக்கிற பெப்சின் பொடியில் ஒரு சிட்டிகை போட்டார். குவளையை வெந்நீர்த் தொட்டியில் வைத்தார்.

பெரியநாயகம் தொட்டியை நோக்கி ஓடி வந்தார்.

"என்ன பண்றீங்க? அது துண்டு துண்டாப் போயிடும்!"

"ஆமா சார்."

"என் பதினோரு மாசம்! யாரைக் கேட்டு ஊத்துனீங்க?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

அவர் கதவை அறைந்த சத்தத்தில் மாடி வரைக்கும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை, தன் சாமான்களை அள்ளிக்கொண்டு போகத்தான் வந்தார். மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன. இரண்டிலும் அவர் கொண்டுவந்த அதே கிருமி, பாலாடை போலப் படர்ந்திருந்தது. ஒரு தட்டின் நடுவில் மட்டும் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை.

"அமிலம் கொன்னிருக்கும்" என்றார் வெடுக்கென்று.

"அமிலத்தை முறிச்சுட்டுத்தான் விட்டேன். அடுத்த தட்டைப் பாருங்க. அதே அமிலம், அதே பெப்சின், அதே மாதிரி முறிச்சது. உங்க புரதம் மட்டும் கிடையாது."

பார்த்தார். அதில் கிருமி முழுசாக, கொழுகொழுவென்று இருந்தது.

"முழுசா இருந்தப்போ பட்டினிதான் போட்டுது. வெட்டுப்பட்டதும் ஒரு சின்னத் துண்டு தனியா வந்திருக்கு. அது போய் கிருமியோட தோலையே துளைச்சிடுது."

பெரியநாயகம் தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். கோபம் இன்னும் போகவில்லை. எதன்மேல் என்றுதான் அவருக்கே தெரியவில்லை.

"முதல் நாளே சொல்லியிருந்தா, இத்தனை நாள்ல இன்னும் எத்தனை கன்னு..."

"எனக்கும் தெரியாது சார். உங்க கிருமிக்கு இது ஆகுமான்னு நேத்து ராத்திரிதான் தெரிஞ்சுது. தட்டுல செத்தது மாட்டுக் கொட்டகையிலயும் சாகுமான்னு இன்னும் தெரியாது."

பேராசிரியை மீதிப் பாதி புட்டியையும் பெப்சின் டப்பாவையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

அவர் எடுக்கவில்லை. "வெட்டினாத்தான் கொல்லும்னா," என்று பொருமினார், "அந்தப் பசு அதை வெட்டியே குடுத்துத் தொலைச்சா என்ன?"

"வெட்டறது கன்னோட வயித்து வேலை சார்."