ஒரு சாண் தள்ளி வைத்த குறி

வற்றிக்கொண்டிருந்த ஒரு குளத்தங்கரை. அங்கே வெறும் கட்டாந்தரையில் மஞ்சக்காலி என்ற ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது. போன வருஷம் இட்ட அத்தனையையும் கீரி தின்று தீர்த்துவிட்டது. இந்தத் தடவை ஒரு குஞ்சின் முகத்தையாவது பார்த்துவிட வேண்டும். மஞ்சக்காலிக்கு வேறு ஆசையே இல்லை, பாவம்.

கோடை வெயிலில் முட்டை வெந்துவிடும். அதனால் மஞ்சக்காலியும் அதன் துணை நெட்டைக்காலனும் முறைபோட்டுக்கொண்டன. ஒன்று போய் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துவரும். மற்றது முட்டைமேல் உட்கார்ந்திருக்கும்.

காவலுக்கு வந்தது சடையன் என்ற குரங்கு. யானையைக் கண்டு ஓடிய வேடன் போட்டுவிட்டுப் போன வில் அதன் கையில் இருந்தது. வில் கிடைத்ததிலிருந்து ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் ஒரு கள்ளிச்செடியைப் பார்த்து அம்பு விடும். அது நிற்கிற அழகைப் பார்க்கணுமே! முதுகு கூனியிருக்கும். தோள் காதுவரை ஏறியிருக்கும். அம்பு ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிப் போகும்.

"அண்ணே, முதுகை நிமிர்த்தி, தோளை இறக்கி நின்னா நேராப் போகுமே" என்றது மஞ்சக்காலி.

"அதுக்கு ஏன் உடம்பை வருத்தணும், தங்கச்சி? ஒரு சாண் வலப்பக்கம் தள்ளிக் குறி வச்சாப் போச்சு" என்றது சடையன்.

அப்படியே விட்டது. அம்பு கள்ளியின் நடுவில் குத்தி நின்றது!

"என்னைக்காவது வேற மாதிரி நின்னுட்டா?"

"நான் ஏன் வேற மாதிரி நிக்கப்போறேன்?"

"அதான் பட்டுடுச்சே, விடேன்" என்றது நெட்டைக்காலன். மஞ்சக்காலி முட்டைகள் பக்கம் திரும்பிப் போனது. ஆனால் மனசு கேட்கவில்லை.

ஒருநாள் உச்சி வெயில். மஞ்சக்காலி இறகை நனைக்கப் போயிருந்தது. புதரிலிருந்து கீரி வந்தது. சடையன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் நெட்டைக்காலனுக்கு இடப்பக்கம், ஒரு சாண் தூரத்தில் வந்து பல்லைக் காட்டியது. தண்ணீரிலிருந்து மஞ்சக்காலி கத்தியது.

சடையன் வில்லை எடுத்தது. கீரியை அவ்வளவு கிட்டத்தில் அது பார்த்ததே இல்லை. பயத்தில் அதன் முதுகு விறைத்து நிமிர்ந்துவிட்டது. தோளும் தொய்ந்து இறங்கிவிட்டது. கை மட்டும் பழக்கத்தை விடவில்லை. கீரிக்கு ஒரு சாண் வலப்பக்கம் தள்ளிக் குறி வைத்தது.

அன்றைக்கு அம்பு நேராகப் போனது. நெட்டைக்காலன் சத்தமில்லாமல் முட்டைகள் மேலேயே சாய்ந்தது. கீரி மிரண்டு ஓடிவிட்டது.

"எப்பவும் வைக்கிற மாதிரிதான் வச்சேன், தங்கச்சி" என்று சடையன் அழுதது.

"எப்பவும் நிக்கிற மாதிரி நிக்கலையே, அண்ணே" என்றது மஞ்சக்காலி. அதன் வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அது ஒண்டியாகத்தான் அடைகாத்தது. தண்ணீருக்குப் போனால் முட்டைக்குக் காவல் இல்லை. போகாவிட்டால் வெயில் விடாது. சடையனை நம்பிப் போக அதற்கு மனசு வரவில்லை. மூன்றாம் நாள் முட்டைகளை அலகால் தொட்டுப் பார்த்தது. எதிலும் அசைவில்லை. எழுந்து பறந்து போய்விட்டது.

சடையன் இப்போதெல்லாம் நிமிர்ந்துதான் நிற்கிறது. காவல் காக்கத்தான் அங்கே ஒன்றும் இல்லை.

தன் நிலையைத் திருத்தாமல் குறியை மட்டும் திருத்திக்கொள்கிறவனின் அம்பு, என்றாவது ஒருநாள் அவனை நம்பியவர்கள் மேலேயே பாயும்.