ஏழாவது பாட்டில் ஒரு நிமிடம்

பாடகர் இல்லாத இசைக்குழுவில் பொறாமை இருக்காது என்று பரவலாக நம்பப்படுகிறது. நன்கு படித்தவர்களும் இதை நம்புவது கவலைக்குரியது. பாடகர் இருக்கும் குழுவில் எல்லோரும் அவர் ஒருவர்மேல் பொறாமைப்படுகிறார்கள்; வேலை சுலபமாக முடிந்துவிடுகிறது. பாடகர் இல்லாத குழுவில் அதே பொறாமையை ஆளுக்கு ஆள் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெரம்பூரில் ‘நான்காம் நடைமேடை’ என்று ஒரு ராக் குழு இருந்தது. டிரம்ஸ், பேஸ், இரண்டு கிதார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பாடுவார் இல்லாததைப் பாட்டு என்று சொல்வதும் பிழைதான். ஆனால் ஊர் அப்படித்தான் சொன்னது.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தொடக்கத்தில் அவர்களிடம் உருப்படியான கிதார் ஒன்றே ஒன்று இருந்தது, சிவப்பு நிறம். பதிவின்போது டெரன்ஸ் தன் பகுதியை வாசித்துவிட்டு அதைக் கழற்றித் தருவார். இளம்பரிதி அதையே மாட்டிக்கொண்டு தன் பகுதியை வாசிப்பார். பிற்பாடு ஆளுக்கொரு கிதார் வாங்கியும் பதிவுக்கு மட்டும் சிவப்புக் கிதார்தான். ஆல்பத்தின் உறையில் ‘கிதார்: டெரன்ஸ், இளம்பரிதி’ என்று மட்டும் இருக்கும். எது யாருடையது என்று வெளியில் யாருக்கும் தெரியாது. கேட்கவும் கூடாது. இளம் வயதில் இருவருக்கும் இது பெருமையாக இருந்தது.

பிறகு குழு கலைந்தது. டெரன்ஸ் டைல்ஸ் கடை வைத்தார். பரிதி சுற்றுலாக் கப்பல்களில் வாசிக்கப் போனார். பதினாறு ஆண்டுகள் கழித்து, மறுபடி கூடி ஓர் ஆல்பம் போடலாம் என்று முடிவானது. முதல் ஒத்திகையில் பரிதியின் விரல்கள் முன்னைவிட வேகமாக ஓடின. டெரன்ஸின் விரல்கள் தரைக்கு எத்தனை டைல்ஸ் வேண்டும் என்பதை மட்டுமே அறிந்திருந்தன.

டெரன்ஸ் பிலோமினாவிடம் சீடராகச் சேர்ந்தார். பிலோமினா கிதார் சொல்லிக்கொடுப்பவர். வீட்டு மாடியில் ஒலிப்பதிவுக் கூடமும் வைத்திருந்தார். சீடரைவிட ஒன்பது வயது இளையவர். குரு என்றால் வயதில் மூத்தவராக இருக்க வேண்டும் என்பது இன்னொரு பிழை. இங்கே அதற்கு இடமில்லை. சீடர் குருவை டீச்சர் என்றார். குரு சீடரை சார் என்றார்.

முதல் நாள் டெரன்ஸ் கேட்டார். “பரிதி மாதிரி வாசிக்க எவ்வளவு நாள் ஆகும் டீச்சர்?”

“உங்களை மாதிரி வாசிக்க எவ்வளவு நாள் ஆகும் சார்?”

“அது யாருக்கு வேணும்?”

பிலோமினா கிதாரை நீட்டி, முதலில் சுருதி சேர்க்கச் சொன்னார்.

மாதக்கணக்கில் வகுப்பு நடந்தது. டெரன்ஸின் விரல் நுனிகள் கொப்பளித்து, உரிந்து, காய்த்தன. ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் பாதி நேரம் பரிதி புராணத்துக்குப் போனது. வாசிக்கும்போது அவன் கண்ணை மூடிக்கொள்கிறான். கம்பியை இழுத்துவிட்டு, அது முனகுவதைத் தான் பெற்ற பிள்ளை அழுவதுபோலக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். டிரம்ஸ்காரரின் மனைவி பரிதியிடம் மட்டும் டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்று விசாரிக்கிறார். தனக்கு வருவதைக் குடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தாளம் தட்டும் மெட்ரோனோமைச் சற்று வேகப்படுத்துவார்.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ஏழாவது. அதன் நடுவில் ஒரு நிமிடம், ஒரே ஒரு கிதார் தனியாக வாசிக்க வேண்டும். டிரம்ஸும் பேஸும் முன்பே பதிவாகிவிட்டன. ஒரு வகுப்பில் டீச்சர் அந்த இடத்தை ஓடவிட்டார்.

பதிவுக்காக அங்கே கொண்டுவந்து வைத்திருந்த சிவப்புக் கிதாரை டெரன்ஸ் மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார்.

“இப்படித்தானே டீச்சர் அவன் வாசிப்பான்?”

அந்த ஒரு நிமிடமும் நக்கலாக வாசித்துக் காட்டினார். கம்பியை வேண்டுமென்றே இழுத்தார், தேவையில்லாத இடத்தில் நின்றார், முனகவிட்டார். முடித்துவிட்டு அவரே சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

கிதார் பதிவு தொடங்கும் முன் பிலோமினா இருவரையும் எதிரே உட்காரவைத்து ஒரு நிபந்தனை சொன்னார். ஏழாவது பாட்டின் ஒரு நிமிடத்தை இருவரும் தனித்தனியாக வாசித்துத் தரலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். எதைச் சேர்ப்பது என்பது தன் பொறுப்பு. சேர்த்ததை நீக்க வேண்டுமென்றால் இருவரும் கேட்க வேண்டும். ஒருவர் கேட்டால் நீக்க முடியாது. இருவரும் தலையாட்டினார்கள். இருவரும் வாசித்துக் கொடுத்தார்கள்.

எல்லாம் சேர்ந்து முடிந்ததும் நால்வரையும் அழைத்துக் கேட்கவைத்தார். ஆறு பாட்டுகள் வரை டிரம்ஸ்காரர் தன் டிரம்ஸை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார். ஏழாவதில் அந்த ஒரு நிமிடம் வந்து போனது. பேஸ் வாசிக்கும் ஸ்டான்லி எதற்கும் அசையாதவர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டிரம்ஸ்காரர், இத்தனை வருஷம் இதை எங்கே ஒளித்துவைத்திருந்தீர்கள் என்று இரண்டு கிதார்காரர்களையும் பொதுவாகக் கேட்டார். இருவரும் எதிரெதிர்ச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கப்படி, வாசித்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

டெரன்ஸுக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. தான் வாசித்துக் கொடுத்தவை எல்லாம் அவருக்கு மனப்பாடம். இது அவற்றில் இல்லை. அந்த இழுப்பும் அந்த நிறுத்தமும் வேறு யாருக்கு வரும்?

மறுவாரம் கடையைத் திறக்காமல் நேரே டீச்சரிடம் வந்தார்.

“அதை எடுத்துடுங்க டீச்சர்.”

“எதை சார்?”

“ஏழாவதுல அந்த ஒரு நிமிஷம்.”

“நல்லா இல்லையா?”

டெரன்ஸ் பொய் சொல்லப் பார்த்தார். வரவில்லை.

“நல்லா இருக்கு. அதனாலதான்.”

பிறகு அவர் நெடுநேரம் பேசினார். அந்த ஒரு நிமிடம் இருந்தால் மற்ற ஆறு பாட்டும் அதற்குப் போகும் வழியாகத்தான் இருக்கும். விரல் உரிய வாசித்த எதுவும் யார் காதிலும் விழாது. பதினாறு வருடம் கழித்துத் திரும்பி வந்தவன் பரிதி ஒருவன்தான் என்று ஆகிவிடும். அதற்கு, தான் டைல்ஸ் கடையிலேயே இருந்திருக்கலாம்.

“அது இருந்தா என் பேரை எடுத்துடுங்க. நான் இனிமே கிதாரைத் தொட மாட்டேன்.”

“நிச்சயமா சொல்றீங்களா?”

“நிச்சயமா.”

பிலோமினா திரைப்பக்கம் திரும்பி ஒரு பொத்தானை அழுத்தினார். பாட்டை ஓடவிட்டார். அந்த இடத்தில் டிரம்ஸும் பேஸும் மட்டும் தனியே நடந்து போயின.

டெரன்ஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மறுபடி நிமிர்ந்தார்.

“ரெண்டு பேரும் கேட்டாத்தானே எடுப்பேன்னீங்க?”

“நேத்து பரிதி சார் வந்திருந்தார்.”

“வந்து?”

“இதைத்தான் கேட்டார்.”

டெரன்ஸ் யோசித்தார். “அவன் வாசிச்சதை அவனே எடுக்கச் சொன்னானா? என்ன, அடக்கமா? அவனுக்கா?”

பிலோமினா மறுபடி திரைப்பக்கம் திரும்பினார். நீக்கிய துண்டை மட்டும் தனியே, அதன் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டார். கொஞ்சம் இரைச்சல் கேட்டது. நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. பிறகு டெரன்ஸின் குரல்.

“இப்படித்தானே டீச்சர் அவன் வாசிப்பான்?”

கிதார் தொடங்கும் இடத்தில் பிலோமினா நிறுத்திவிட்டார்.

சிவப்புக் கிதார் மூலையில் சாய்ந்திருந்தது. டெரன்ஸ் அதைப் பார்த்தார், தன் விரல்களைப் பார்த்தார். கீழே தெருவில் தண்ணீர் லாரி ஒன்று பின்பக்கமாக வந்து, நின்று, தண்ணீர் விட்டுவிட்டுப் போனது.

“பரிதி என்ன சொன்னான்?”

“அது இருந்தா இனிமே கிதாரைத் தொட மாட்டேன்னார்.”

டெரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அழிச்சுட்டீங்களா?”

“இல்ல. இருக்கு.”

“திரும்பச் சேர்க்க முடியுமா?”

“முடியும் சார். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வந்து கேட்டா.”

ஆல்பம் ஜூன் மாதம், அந்த ஒரு நிமிடக் கிதார் இல்லாமலே வெளிவந்தது. மேடையில் ஏழாவது பாட்டின் அந்த இடம் வரும்போது டெரன்ஸும் பரிதியும் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு நிற்கிறார்கள். ஒரு நிமிடம் முடிந்ததும் ஸ்டான்லிக்குக் கைத்தட்டல் விழுகிறது.