இறங்கி வருகிறவர்கள் சொல்லும் தூரம்

நாச்சிமுத்து சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதி வரப்புச் சண்டைகளைச் அளவுச் சங்கிலி பிடித்தே தீர்த்து வைத்தவர். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் அந்த மனுஷன், மனைவி ருக்மணி இறந்த பிறகு, மலையேற வேண்டும் என்று பூவாத்தாளம்மாவிடம் போய் நின்றார்.

அம்மா அவரைவிட வயதில் இளையவர். அதிகம் பேசமாட்டார். ஆனாலும் மனம் நொந்தவர்கள் அவரைத்தான் தேடிப் போனார்கள். நாச்சிமுத்துவுக்கும் அவர்தான் குரு.

"அவ போனதுலேர்ந்து சோறு இறங்கலீங்க, தூக்கமும் இல்லீங்க. மலை உச்சியில போய்ச் சாமியக் கும்பிட்டா இந்தத் துக்கம் தீர்ந்துருங்களாம்மா?"

"போய்த்தான் பாப்போமுங்க" என்றார் அம்மா.

விடியற்காலையில் ஆளுக்கொரு மூங்கில் தடியோடு கிளம்பினார்கள். முதல் ஏற்றத்திலேயே நாச்சிமுத்துவுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. எதிரே இறங்கி வந்த ஒருவரை மறித்தார்.

"சாமி, இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

"இன்னும் கொஞ்சந்தான் சாமி!"

அந்தக் கொஞ்சம் முடிகிற வழியாக இல்லை. அடுத்து வந்தவரும் அதையேதான் சொன்னார். கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒருவர், "வந்தே போயிட்டீங்க, இந்த வளைவுல திரும்புனா கோயில்தான்" என்று சிரித்தார். திரும்பினால் இன்னொரு வளைவு இருந்தது.

அரையடி வித்தியாசத்துக்கே மறுபடி அளக்கச் சொல்லும் ஆள் நாச்சிமுத்து. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சாமி கும்பிட்டு வர்ற வாயில இப்படிப் பொய் வரலாமுங்களா?"

"பொய்யில்லீங்க" என்றார் அம்மா. "ஏறுன அலுப்பு அவங்களுக்கு மறந்து போச்சு. இறங்குற காலுக்கு எல்லாமே பக்கந்தான்."

உச்சிவெயிலில் நாச்சிமுத்து ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னால ஆகாதுங்கம்மா. நீங்க போய்க் கும்பிட்டுட்டு வாங்க."

அம்மா போகவில்லை. தண்ணீர் கொடுத்தார். பிறகு கீழே உட்கார்ந்து அவருடைய காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கெண்டைக்காலை நீவிவிடத் தொடங்கினார்.

நாச்சிமுத்து பதறிப்போனார்.

"ஐயோ, என்னங்கம்மா இது! நானில்ல உங்க கால்ல விழோணும்!"

"சும்மா இருங்க."

சும்மா இருந்தார். காலை நீவும் அந்தக் கைகளையே பார்த்தார்.

"அவளும் இப்படித்தான் நீவி விடுவா" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. ருக்மணியை எடுத்துக்கொண்டு போன அன்றைக்குக்கூட அழாத மனுஷன், வருவோர் போவோர் பார்க்க, குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதார். அம்மா தடுக்கவில்லை.

அழுது ஓய்ந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மலை கிடக்குதுங்கம்மா. இந்தத் துக்கத்தைத் தாண்ட இன்னும் எவ்வளவு தூரமுங்க? நீங்களாவது உள்ளதைச் சொல்லுங்க."

நீவிக்கொண்டிருந்த கை நின்றது.

"எனக்கு ஒரு பொண்ணு இருந்தா" என்றார் அம்மா. "அவளைப் பறிகொடுத்த அன்னிக்கு ஏற ஆரம்பிச்சேன். நான் இன்னும் இறங்கலீங்க. கையக் குடுங்க, போலாம்."