சின்ன ஊரில் பெய்த மழை

"அம்மா, இந்தக் கொட்டகைக் கதவுக்கு ஒரு பூட்டு வேணும்."

சீடர் தாண்டவராயர் அன்று காலையில் இப்படித்தான் ஆரம்பித்தார்.

சீடர் என்றதும் யாரோ சின்னப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். தலை முழுக்க நரைத்தவர். குரு மரகதத்துக்கு அவர் மகள் வயது. ஊரே சிரித்தது. சிரிக்கட்டுமே, ஊருக்கு வேறென்ன வேலை?

"பூட்டு எதுக்கு ஐயா?" என்றாள் குரு.

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க! உள்ளே சின்ன ஊர் இருக்கே!"

சின்ன ஊர் என்பது அவர் களிமண்ணால் செய்த ஊர். கொட்டகைத் தரை பூராவும் அதுதான். ஆறு, கரை, கோயில், அரசமரம், தெருக்கள், விரல் உயர வீடுகள். தாண்டவராயர் ஒரு ஓரமாக நின்று பூவாளியால் அதன்மேல் மழை பெய்விப்பார். எந்தத் தெருவில் தண்ணீர் ஏறுகிறது, எந்தத் தெரு தப்புகிறது என்று குனிந்து பார்ப்பார். அப்புறம் மண்ணைக் காயவிட்டு மறுபடி பெய்விப்பார்.

பைத்தியக்காரத்தனம் என்று சொல்லலாம். ஒரு வெள்ளத்தில் மனைவியைப் பறிகொடுத்தவர் அவர். அடுத்த வெள்ளம் வருவதற்கு முன்பே அதன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆவேசம்.

ஊரில் ஒரு காப்புச் சங்கம் இருந்தது. அறுவடைக்கு அறுவடை எல்லா வீட்டாரும் அதில் நெல் போடுவார்கள். வெள்ளத்தில் யார் வீடு போனாலும் அந்த நெல்லை விற்றுக் கட்டிக் கொடுப்பார்கள். நெல் குறைந்துபோனது. அதனால் இனிமேல் சின்ன ஊரில் நனைகிற தெருவுக்கு மட்டும்தான் காப்பு என்று சங்கம் முடிவு செய்துவிட்டது.

"ஜனங்க பார்த்தா ஆளாளுக்குக் கேள்வி கேப்பாங்களாம்" என்றார் தாண்டவராயர். "சாவி சங்கத்துக்கிட்டயே இருக்கட்டும்ங்கறாங்க. நியாயம்தானே? கண்டவங்களும் உள்ளே வந்து மிதிச்சா என்ன ஆகறது?"

குரு எழுந்து போனாள். கொட்டகைக் கதவைக் கீலோடு கழற்றினாள். இழுத்து வந்து வாசல் சேற்றின்மேல் போட்டாள்.

"இனிமே வர்றவங்க காலில் சேறு ஒட்டாது" என்றாள்.

தாண்டவராயர் ஓடிப்போய்க் கதவைத் தூக்கப் பார்த்தார்.

"அது சரி, உங்க கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள் குரு.

"சேற்றுப்புண்தான். எப்பப் பார்த்தாலும் ஈரம். அது கிடக்கட்டும்மா, கதவு..."

குரு மருதாணி இலையை அரைக்கப் போய்விட்டாள்.

கதவு போனதும் ஜனங்கள் வந்தார்கள். தூறலில் நனைந்துகொண்டே வந்து, மெதுவாகப் பேசினார்கள். தூங்குகிற குழந்தையைப் பார்க்க வந்தவர்கள்போல் நின்றார்கள். எல்லோரும் முதலில் தேடியது சொந்த வீட்டைத்தான்.

ஒருத்தி தன் வீட்டு வாசலைப் பார்த்து, "உள்ளே யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு வெட்கப்பட்டாள்.

ஒருவர் குனிந்து, "நிஜ ஊர்ல இந்த வாய்க்கால் தூர்ந்துபோச்சே, தெரியாதா?" என்றார். தாண்டவராயர் முணுமுணுத்துக்கொண்டே வாய்க்காலைத் தூர்த்தார்.

கல்யாணம் நிச்சயமான பெண் ஒருத்தி, தான் போகப்போகும் வீட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குரு தினமும் வந்து ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"கால் எப்படி இருக்கு?"

"ஊரையே காப்பாத்தப் பாடுபடறேன், இவங்களுக்கு என் கால்விரல்தான் பெரிசாப் போச்சு" என்று தாண்டவராயர் எரிந்து விழுந்தார். குரு அந்தப் பக்கம் போன பிறகுதான்.

ஒரு மத்தியானம் அவர் கொட்டகையிலேயே கண்ணயர்ந்தார்.

கனவில் அவர் விரல் உயரத்துக்குச் சுருங்கிப்போய்ச் சின்ன ஊருக்குள் நடந்துகொண்டிருந்தார். தெருவெல்லாம் களிமண் வாசனை. வானத்திலிருந்து சத்தமில்லாமல் மழை விழுந்தது. அரசமரத்தடியில் அவர் மனைவி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றாள்.

"வா, மேட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

"நீங்க போங்க. தண்ணி எங்கே போகுதுன்னு பார்த்துட்டு வர்றேன்" என்றாள் அவள்.

அவளோடு அவரும் பார்த்தார். ஆறு திரும்புகிற இடத்தில் வானம் முட்ட இரண்டு தூண்கள். தண்ணீரெல்லாம் அந்தத் தூண்களைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது.

'இந்த ஊரில் தூண் ஏது?' என்று நினைக்கும்போதே விழித்துக்கொண்டார். கண் ஈரமாக இருந்தது. எழுந்து பூவாளியை நிரப்பினார்.

சங்கம் வந்து பார்க்கிற நாள் அது. தலைவர் ஆவுடையப்பர் நாலு பேரோடு வந்து நின்றார். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெண்ணும் உள்ளே வந்தாள். பெயர் பூவாயி. படகுக்காரன் பெண்டாட்டி.

தாண்டவராயர் வழக்கமான இடத்தில் நின்று மழை பெய்வித்தார். தண்ணீர் ஏறியது. ஆவுடையப்பர் ஒவ்வொரு தெருவாகப் பார்த்துத் தலையாட்டினார்.

பூவாயி மட்டும் சின்ன ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"என்னம்மா தேடறே?"

"எங்க வீட்டைத்தான் சாமி. ஓடத்துறைத் தெரு. போன மழைக்கே சுவர் விழுந்துபோச்சு. இந்த மழைக்கும் விழுந்தா, பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு நான் எங்கே போவேன்?"

"இதுல நனையாத தெருவுக்குக் காப்பு கிடையாதும்மா" என்றார் ஆவுடையப்பர். "ஓடத்துறையில நான் ஈரத்தையே பார்க்கலை."

"நனையலைன்னா நனையலைன்னு சொல்லுங்க, போயிடறேன். தெருவையே காணோமே ஐயா!"

அழுதுவிடுவாள்போல் இருந்தது.

தாண்டவராயருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "எல்லாம் இருக்கு, ஒழுங்காப் பாரு. கோயிலா? அங்கேருந்து கிழக்கே வா. அரசமரம். தாண்டிட்டியா? இந்தா ஆறு திரும்புது. திரும்பினதும்..."

அவர் விரல் தெருத்தெருவாக நகர்ந்து வந்தது. ஆறு திரும்பும் இடத்தைத் தாண்டியது. அப்படியே நின்றுவிட்டது.

விரலுக்கு நேர் கீழே அவருடைய இரண்டு பாதங்கள் இருந்தன.

ஊர் பூராவுக்கும் மழை பெய்விக்கிறவன் எங்கேயாவது நிற்க வேண்டுமே! நாலைந்து படகுக்காரர் வீடுதானே என்று, முதல் நாள் அந்தத் தெருவை மட்டும் செய்யாமல் விட்டு, அந்த இடத்தில் நின்றார். அன்றிலிருந்து அங்கேயேதான் நின்றார். நின்று நின்று அது பள்ளமாகியிருந்தது.

சின்ன ஊரின் தண்ணீரெல்லாம் தெருத்தெருவாக இறங்கி, இப்போதும் அங்கேதான் வந்துகொண்டிருந்தது. கணுக்கால்வரை ஏறிவிட்டது.

ஆவுடையப்பர்கூடக் குனிந்து பார்த்தார்.

கதவில்லாத வாசலில் குரு வந்து நின்றாள்.

"ஐயா, கால் எப்படி இருக்கு?"

தாண்டவராயர் பூவாளியைக் கீழே வைத்தார். குருவின் பக்கம் திரும்பவில்லை. பூவாயியைப் பார்த்தார்.

"நனைஞ்சிருக்கு தாயி" என்றார். "முதல் மழையிலேருந்தே நனைஞ்சிருக்கு."