மடத்துச் சாவி

அமராவதிக் கரையில் ஒரு மடம். பெரிய மடம் என்று சொல்ல முடியாது. ஒரு சன்னிதி, ஓர் அன்னக்கூடம், நெல் வைக்கும் அறை, பின்னால் ஒரு கிணறு, அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு சாவிக்கொத்து. அது குழந்தைவேல் சாமியின் இடுப்பில் தொங்கும். அவர் நடந்து வந்தால் அவருக்கு முன்னால் அந்தச் சத்தம் வந்து சேரும். சத்தம் கேட்டதும் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். பேசிக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவர் சொன்னதுதான் மடத்தில் நடக்கும்.

சாமிக்கு நாச்சிமுத்து என்று ஒரு சீடர். சீடர் என்றதும் இளவட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். சாமியைவிடப் பத்து வயது மூத்தவர். கோயம்புத்தூரில் ஒரு மில்லில் சங்கத் தலைவராக இருந்தவர். கொடி பிடித்தவர், அடி வாங்கியவர், ஜெயிலுக்கும் போய் வந்தவர். மனைவி இறந்த பிறகு நிம்மதி தேடி மடத்துக்கு வந்தார். வந்த இடத்தில் அவருக்கு நிம்மதி கிடைத்ததோ என்னவோ, மற்றவர்களுடைய நிம்மதி போயிற்று. எதையெடுத்தாலும் கேள்வி கேட்பார்.

குருபூசை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து சேரியில் இருக்கும் மாரனும் அவன் ஆட்களும் தப்பு மேளம் அடிப்பார்கள். மதியம் ஊரே அன்னக்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடும். தப்படித்தவர்களுக்கு மட்டும் கிணற்றடியில் இலை போடுவார்கள். சோறு ஒன்றுதான். பாயசமும் ஒன்றுதான். உட்காரும் இடம்தான் வேறு.

நாச்சிமுத்து சாமியிடம் போனார்.

"சாமி, ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளுங்க."

"மாரன் ஆளுகளுக்குக் கிணத்தடியில எலை போடறது உங்களுக்குச் சரின்னு படுதுங்களா?"

"படலைங்க."

"அப்பறம் ஏனுங்க மாத்தலை? யாரைக் கேட்டாலும் பழக்கம் பழக்கம்னு சொல்றாங்க. சாவி என்ன பழக்கத்தோட இடுப்புலயா இருக்குது? உங்க இடுப்புலதானுங்க இருக்குது."

சாமி இடுப்பிலிருந்து கொத்தை அவிழ்த்து நாச்சிமுத்துவின் மடியில் வைத்தார்.

"குருபூசை முடியற வரைக்கும் நீங்க வெச்சுக்குங்க."

"நானுங்களா? எனக்கு அதிகாரமே ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களே."

"தெரியும். அதனாலதான் குடுக்கிறேன்."

நாச்சிமுத்துவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் கேட்டது ஒரு கேள்வி. கைக்கு வந்தது அரைக்கிலோ இரும்பு.

தன்னைக் கண்டு யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். கொத்தைத் துண்டில் இறுக்கிச் சுற்றி, சத்தம் வராமல் இடுப்பில் கட்டிக்கொண்டார். அப்படியே பூனை மாதிரி மடத்தைச் சுற்றி வந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. அவருக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு ஒரு நாள் சமையலறைப் பக்கம் போனார். சமையல்காரர் தண்டபாணி காலை நீட்டி உட்கார்ந்து, ஆட்களுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து பின்னால் நின்றார். தொண்டையைச் செருமினார். யாரும் திரும்பவில்லை.

"நான் வந்து எவ்வளவு நேரமாச்சு தெரியுமுங்களா?" என்றார்.

தண்டபாணி பதறி எழுந்தார். "மன்னிச்சுக்குங்க. சத்தம் கேக்கலைங்க."

மறுநாள் அந்தத் துண்டு கொடியில் காய்ந்தது. துண்டு அழுக்காகிவிட்டது என்று நாச்சிமுத்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவரிடம் வேறு துண்டு இல்லாமல் இல்லை.

அன்றே தண்டபாணியைக் கூப்பிட்டுச் சொன்னார். "இந்த வருசம் கிணத்தடியில எலை கிடையாது. எல்லாத்துக்கும் உள்ளதான். ஒரே பந்தி."

"ஊர்க்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்களே."

"போனா போகட்டும்."

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. மனசு ஒப்பவில்லை. மாரன் ஆட்கள் உட்கார்ந்த பிறகு ஊர் எழுந்து போனால், அது கிணற்றடியைவிடப் பெரிய அவமானமாகிவிடுமே. அவர்களுக்கு நல்லது செய்யப் போய் நாலு பேர் முன்னால் தலை குனிய வைத்த மாதிரி ஆகிவிடுமே. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்துவிட்டு மறுபடியும் சாமியிடம் போனார்.

"ஊர் எந்திரிச்சுப் போனா என்னங்க பண்றது?"

"சாவி உங்ககிட்டத்தான் இருக்குது."

"இது ஒரு பதிலுங்களா சாமி?"

"எனக்கு அந்த ஒண்ணுதானுங்க தெரியுது."

சாமி கேலி செய்கிறாரா, தைரியம் சொல்கிறாரா, கைகழுவுகிறாரா? நாச்சிமுத்து எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்தார். மூன்றும் சரியாக இருப்பது போலத் தோன்றியது. முன்பைவிட அதிகமாகக் குழம்பிப்போய்த் திரும்பி வந்தார்.

குருபூசை வந்தது. காலையிலிருந்து தப்புச் சத்தத்தில் மடமே அதிர்ந்தது. மாரனுக்கு அறுபதைத் தாண்டிய வயது. ஆனால் தப்பைக் கையில் எடுத்துவிட்டால் வயது தெரியாது. மதியம் அடித்து முடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, தன் ஆட்களோடு எப்போதும் போலக் கிணற்றடிக்கு நடந்தான். பின்னால் அவன் மனைவி சரசா, இன்னும் சில பெண்கள்.

கிணற்றடியில் இலை இல்லை. நாச்சிமுத்து நின்றுகொண்டிருந்தார்.

"தோழரே, இந்த வருசம் உள்ள வாங்க. உங்களுக்கும் அங்கதான் எலை."

மாரன் அன்னக்கூடத்தைப் பார்த்தான். உள்ளே ஊர்ப் பெரியவர்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

"இருக்கட்டுங்க. இந்த வேப்பமர நெழலு நல்லாத்தானுங்க இருக்குது."

"அதெல்லாம் பேசாதீங்க. உங்க உரிமைங்க இது. வாங்க."

"நாளைக்கு இவங்க தோட்டத்துக்குத்தானுங்க வேலைக்குப் போகோணும். நாங்க வீட்டுல கொஞ்சம் கலந்து பேசிட்டு..."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனையோ வருஷமாக மனசில் கனன்ற காரியம், இன்னும் பத்து அடி தூரத்தில் இருந்தது. இந்த நேரத்தில் இந்த மனுஷன் பயந்து பின்வாங்குகிறானே என்று நாச்சிமுத்துவுக்கு ஆத்திரம் பொங்கியது. சட்டென்று திரும்பினார். இடுப்பில் சாவி குலுங்கியது.

"மாரா, சொன்னாச் சொன்னதுதான். உள்ள போய் உக்காரு."

மாரன் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு சாவியைப் பார்த்தான்.

"உத்தரவுங்களா?"

"உத்தரவு."

போனார்கள். வரிசையில் கடைசியாக இருந்த இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். உடனே முன்வரிசையில் ஒரு பெரியவர் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள்.

நாச்சிமுத்து யோசிக்கவே இல்லை. விறுவிறுவென்று உள்ளே போய் அன்னக்கூடத்துக் கதவைச் சாத்தினார். பூட்டினார். சாவியை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"சாப்பிட்டு முடியற வரைக்கும் ஒருத்தரும் வெளிய போகக் கூடாது."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். தண்டபாணி அவசர அவசரமாகப் பரிமாறினார். எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். குருபூசைப் பந்தி என்றால் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். அன்றைக்குப் பாயசம் உறிஞ்சும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அத்தனை பேரும் ஒரே கூரைக்குக் கீழே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதை நாச்சிமுத்து பார்த்தார். நெஞ்சு விம்மியது. அத்தனை பேரும் தன் ஒரு சொல்லுக்கு அடங்கி உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். ஏன் பொய் சொல்ல வேண்டும், அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டில் எது பெரிய சந்தோஷம் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

அப்போது கதவில் தொங்கிய பூட்டு கண்ணில் பட்டது. ஒரு காலத்தில் மில் கேட்டில் முதலாளி இப்படித்தான் ஒரு பூட்டைப் போட்டு எல்லாரையும் வெளியே நிறுத்தினார். அதன் முன்னால் மாதக்கணக்கில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர் நாச்சிமுத்து. அது அநியாயப் பூட்டு, இது நியாயப் பூட்டு என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். சொன்னது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. பந்தி முடிவதற்குள்ளேயே போய்த் திறந்துவிட்டார்.

திறந்ததும் ஊர் கலைந்து போனது. மாரனும் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். சரசா மட்டும் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"வயிறு நெறஞ்சுதாம்மா?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"நெறஞ்சுதுங்க."

"முகம் அப்படிச் சொல்லலையே."

சரசா முந்தானையில் கையைத் துடைத்தாள். "வெளிய நில்லுன்னாங்க, நின்னோம். உள்ள உக்காருன்னீங்க, உக்காந்தோம். ரெண்டு தடவையும் எங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கலைங்க."

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. "கேட்டிருந்தா என்னம்மா சொல்லியிருப்பீங்க?"

"உள்ளதான் உக்காருவோம்னு சொல்லியிருப்போமுங்க. அவருக்குப் பயம் போகோணும், ரெண்டு நாள் ஆயிருக்கும். ஆனா நாங்க சொல்லியிருப்போம்."

அவள் போய்விட்டாள். நாச்சிமுத்து கிணற்று மேடையில் உட்கார்ந்தார். தான் செய்தது நல்லதா கெட்டதா? அவர்கள் விரும்பியதைத்தான் கொடுத்திருக்கிறார், வாய் திறந்து கேட்க விடாமல். அவர்கள் வார்த்தையைப் பறித்ததும் அவர்தான், இடத்தைக் கொடுத்ததும் அவர்தானா? எந்தப் பக்கம் போனாலும் இன்னொரு பக்கம் இடித்தது.

குழந்தைவேல் சாமி வந்தார். இடுப்பில் சாவி இல்லாததால் அவர் வந்தது நாச்சிமுத்துவுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது எதிரில் நின்றார்.

"குருபூசை முடிஞ்சுதுங்க" என்று சொல்லிக் கையை நீட்டினார்.

நாச்சிமுத்துவின் கை இடுப்புக்குப் போனது. கொத்தைப் பிடித்தது. அங்கேயே நின்றது.

"சாமி, இன்னைக்கு நான் பண்ணினதுல தப்பு இருக்குதுங்க. ஒத்துக்கிறேன். அவங்களை முதல்ல கேட்டிருக்கோணும். ஊர்ல நாலு பேர்கிட்ட முன்கூட்டியே பேசியிருக்கோணும். கதவைப் பூட்டியிருக்கவே கூடாது."

"சரிங்க."

"அடுத்த குருபூசைக்கு எல்லாத்தையும் முறையாச் செஞ்சரலாமுங்க. அதுக்கு மட்டும் இது என்கிட்ட இருக்கட்டுங்க. எனக்காகக் கேக்கலைங்க சாமி. இந்த ஒரே ஒரு நல்ல காரியம் பாக்கி இருக்குது. அது முடிஞ்ச அன்னைக்கே குடுத்தர்றேன்."

சாமி அவரையே பார்த்தார். சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. முகத்தில் வெட்கம் போல ஏதோ ஒன்று வந்தது. நாச்சிமுத்து அதை அவரிடம் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எங்க குருநாதர் கடைசி நாள்ல இதே மாதிரி என்கிட்டக் கையை நீட்டினாருங்க. வேற ஒருத்தர்கிட்டக் குடுக்கறதுக்கு. அப்ப நானும் இதையேதான் சொன்னேன். ஒரே ஒரு நல்ல காரியம் பாக்கி இருக்குது, அது முடியட்டும்னு."

"அது என்ன காரியமுங்க சாமி?"

சாமி நீட்டிய கையை மடக்கவில்லை.

"கிணத்தடியில சாப்பிடறவங்களை உள்ள உக்கார வைக்கோணும்னுங்க."